தலைக்கணக்குக்கு அஞ்சும் நாடுகள்

எனக்குத் தொழில் புள்ளியியல். எந்த நாட்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தாலும் முதலில் அதன் மக்கள்தொகைக் கணக்கைத்தான் தேடுவேன். எத்தனை பேர், என்ன மொழி, என்ன மதம் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஊர் அரசியல் எனக்குப் பிடிபடும். லெபனானிடம் மட்டும் இந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை. அங்கே கடைசியாக அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல், பிரெஞ்சு ஆட்சியின்போது. அப்புறம் எடுக்கவே இல்லை.

எடுத்தால் வரப்போகும் எண்ணைத் தாங்கும் வலு அங்குள்ள ஏற்பாட்டுக்குக் கிடையாது. 1932இல் கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். அதை அடிப்படையாக வைத்து 1943இல் எழுத்தில் இல்லாத ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி என்றானது. சபாநாயகர் பதவி ஷியாக்களுக்கு என்பதும் வழக்கமாயிற்று. நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம், ட்ரூஸ் என்ற சிறு மதப்பிரிவினரும் அந்த ஐந்துக்குள் அடக்கம். அதனால் அன்று மொத்த இடங்கள் எப்போதும் பதினொன்றின் மடங்காகவே இருந்தன. 1960 முதல் 99 இடங்கள்: 54க்கு 45. மக்கள்தொகை மாறிக்கொண்டே போனது, விகிதம் அசையவில்லை. 1975இல் வெடித்த உள்நாட்டுப் போருக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாலஸ்தீனப் பிரச்சினையும் அண்டை நாடுகளின் தலையீடும் அதில் உண்டு. ஆனாலும் போரை முடிக்க 1989இல் சவூதி அரேபியாவின் தாயிஃபில் உட்கார்ந்து பேசியபோது அந்த ஆறுக்கு ஐந்தை மாற்றாமல் முடியவில்லை. இன்று 128 இடங்கள், சரிபாதி 64க்கு 64. இதுவும் ஆளை எண்ணாமல் போட்ட கணக்குதான்.

ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். அங்கே ஒரு தொகுதியின் மரோனைட் இடத்துக்கு மரோனைட் மட்டுமே நிற்கலாம். வாக்களிப்பது அந்தத் தொகுதியில் உள்ள எல்லா மதத்தவரும். எதிர்த் தரப்பின் வாக்கும் தேவைப்படும் வேட்பாளர் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார். தொகுதியில் எல்லோரும் ஒரே மதம் என்றால் இந்தப் பலன் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, பெரும்பான்மை ஆளட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பான்மை என்பது மாறக்கூடியதாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். விலைவாசி பற்றிய கருத்தை ஒருவர் அடுத்த தேர்தலுக்குள் மாற்றிக்கொள்ளலாம், தாய்மொழியை மாற்றிக்கொள்ள மாட்டார். மொழிக்கும் மதத்துக்கும் வாக்களிக்கும் நாட்டில் தேர்தல் என்பதே தலைக்கணக்குதான்; தோற்றவர் தோற்றவரே. இலங்கை இதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் கூடாது என்று அரசமைப்பின் 29ஆவது பிரிவு சொன்னது. அது இருக்கும்போதே 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் 1952இல் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. எண்ணிக்கைதான் பலம் என்றாகிவிட்டால், ஆட்களை எண்ணிக்கையிலிருந்தே நீக்குவதும் ஓர் அரசியலாகிவிடுகிறது. இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது.

சரி, எண்ணாமல் இருப்பது எப்போதும் கெடுதலா? பெல்ஜியம் அப்படிச் சொல்ல விடாது. அங்கே மொழிவாரிக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 1947இல். கணக்கு வரும்போதெல்லாம் எந்த ஊராட்சி டச்சு, எது பிரெஞ்சு என்ற சண்டையும் கூடவே வந்தது. 1961இல் மொழிக் கேள்வியையே சட்டப்படி நீக்கினார்கள், அடுத்த ஆண்டே மொழி எல்லையை நிரந்தரமாக வரைந்தார்கள். மத்திய அமைச்சரவையில் பிரதமரை விட்டுவிட்டால் இரு மொழியினரும் சரிசமம். டச்சு பேசுவோர் அதிகம் என்று எல்லோருக்கும் தெரிந்தும் அப்படி. 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் முழு அரசு அமையாமல் இருந்தது உண்மை. ஆனால் அதற்காக யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. நிலத்துக்கு ஒரு மொழி என்று பங்கு போட்டுவிட்டால் தலைகளை எண்ணும் அவசரம் குறைகிறது என்று நினைக்கிறேன். நிலம் அப்படிப் பிரிந்து கிடக்காத ஊர்களில் இது நடக்காது.

எனக்குப் பிடித்தது வட அயர்லாந்து. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இடையிலான மோதலை முடிக்க எழுதிய 1998 புனித வெள்ளி உடன்பாட்டில் எந்த மதத்துக்கு எந்தப் பதவி என்று எழுதி வைக்கவில்லை. அமைச்சர் பதவிகளில் பெரும்பாலானவற்றைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப டி ஹோண்ட் என்ற விகிதாசாரக் கணக்கு முறையில் பிரிக்கிறார்கள். முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உடையவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5 என்று வந்தது. புராட்டஸ்டண்ட் பெரும்பான்மைக்கென்றே வரைந்த எல்லைக்குள் இப்படி ஓர் எண்! எண்ணினார்கள், வெளியிட்டார்கள், ஏற்பாடு கவிழவில்லை. 2024 பிப்ரவரியில் அயர்லாந்துடன் இணையக் கோரும் ஷின் ஃபெயின் கட்சியின் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரானபோது, கத்தோலிக்கருக்கு இடம் விட வேண்டி எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன் இரண்டு ஆண்டு ஆட்சி முடங்கிக் கிடந்ததையும் மறைக்க மாட்டேன். விலகினால் கூட்டாளியும் விழுவார் என்பது பெரிய ஆயுதம், இரு தரப்பும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது 'மற்றவர்கள்' என்ற கட்டம். போஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தப்படி மூவர் அதிபர் குழு: ஒரு போஸ்னியாக், ஒரு குரோவாட், ஒரு செர்பு. யூதரான யாகோப் ஃபின்சி தான் போட்டியிட முடியுமா என்று தேர்தல் ஆணையத்திடம் கேட்டார். யூதர் என்பதால் முடியாது என்று 2007 தொடக்கத்தில் எழுத்திலேயே பதில் வந்தது. ரோமா சமூகத்தைச் சேர்ந்த டெர்வோ செய்டிச்சுக்கும் அதே கதி. இது பாகுபாடு என்று 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தும், ஆண்டுகள் பல கடந்தும் விதி மாறவில்லை.

வட அயர்லாந்திலும் இந்தக் கட்டம் உண்டு. சட்டசபை உறுப்பினர்கள் ஒன்றியவாதி (பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்), தேசியவாதி (அயர்லாந்தோடு இணைய விரும்புபவர்), மற்றவர் என்று பதிவு செய்ய வேண்டும். முக்கிய வாக்கெடுப்புகளில் முதல் இரண்டு தரப்பின் ஆதரவும் தனித்தனியாக வேண்டும். 2001 நவம்பரில் ஒன்றியவாதத் தலைவர் டேவிட் ட்ரிம்பிள் மீண்டும் முதல் அமைச்சராக, சபையின் ஆதரவு தாராளமாக இருந்தும் ஒன்றியவாதிகள் கணக்கில் போதவில்லை. இரு தரப்பிலும் சேராத அலையன்ஸ் கட்சியின் மூன்று உறுப்பினர்கள் 'மற்றவர்' என்பதை விட்டு ஒன்றியவாதிகளாகப் பதிவு செய்து வாக்களித்த பிறகுதான் அவர் தேர்வானார். 2022 தேர்தலில் அதே கட்சிக்கு 90இல் 17 இடங்கள். அந்த 17 பேரின் வாக்கு, இரு தரப்பும் பிரிந்து நிற்கும் நாளில், இன்றும் அவ்வளவாக எடுபடுவதில்லை. அடையாளம் கேட்காத ஒரு சிறப்புப் பெரும்பான்மை, 60 சதவீதமோ மூன்றில் இரண்டோ, போதும் என்று விதியை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. எந்த ஒரு தரப்பும் தனியாக எட்ட முடியாத எண் அது. அந்தப் பாதுகாப்பு எனக்குப் போதுமானதாகவே படுகிறது.