கணவாய் இல்லை, கடம்பா

1990-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக மண்டபம் வழியாக வந்து, சென்னை காசிமேட்டில் ஒற்றை அறை வீட்டில் குடியேறினோம். முகாமுக்கு வெளியே தங்கியதால் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும், அதற்கு அப்பா அலைந்தது தனிக் கதை. போகிறது தமிழ்நாடு, பாஷைக் கஷ்டம் இராது என்றுதான் அவர் சொல்லியிருந்தார். எனக்கு 13 வயது. யாழ்ப்பாணத்தில் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை நான். இங்கே எட்டாம் வகுப்பில் முதல் நாளே 'ரீச்சர்' என்று கூப்பிட, வகுப்பு மொத்தமும் சிரித்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களைப் பக்கத்துப் பால்வாடிக்கு அனுப்புவார்கள், தூங்கி எழுந்த குழந்தைகளுக்குக் கதை வாசிக்க. ஆளுக்கு மூன்று பேர். படம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், வரிக்கு அடியில் நம் விரலும் ஓட வேண்டும், கழுத்து ஒடிந்துவிடும்.

"வாங்கோ, இருங்கோ" என்றேன். இருந்தார்கள், நின்றபடியே. எங்கள் ஊரில் இருப்பது என்றால் உட்காருவது. ஆயாதான் "குந்துங்கடா" என்று ஒரு அதட்டல் போட்டார், மூன்றும் பொத்தென்று உட்கார்ந்தன. சரி, முதலில் கொஞ்சம் கதைப்போம் என்று பெயர் கேட்டால், கதை எங்கே என்று புத்தகத்தைப் பிடுங்குகிறார்கள்.

அது கடலைப் பற்றிய படப் புத்தகம். ஒரு பக்கத்தில் இருந்த ஸ்க்விட் படத்தைக் காட்டி "கணவாய்" என்றேன். சத்துமாவு உருண்டை பாதி வாயில் இருக்க, ஒரு பையன் "அது கடம்பா, அக்கா" என்றான். சிரிக்கவில்லை. அவன் அப்பா போட்டில் போகிறவர், அவனுக்குத் தெரியாதா? நான் 'கடம்பா' என்று சொல்லும்வரை பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. அடுத்த வாரமும் அதே புத்தகம்தான் வேண்டுமாம், அதற்கடுத்த வாரமும். அந்த வயதில் ஒரே கதை எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது, எனக்கும் அதுதான் வசதி, நாலைந்து வாரத்தில் 'கடம்பா' தானாக நாக்கில் வந்து நின்றது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கப் போன இடத்தில் அம்மா "கணவாய் இருக்கோ?" என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். நான் குறுக்கே புகுந்து "கடம்பா இருக்காக்கா?" என்றேன். கூடை முன்னால் வந்தது.

"ஆர் பிள்ளை உனக்குச் சொல்லித் தந்தது?"

"எங்கட வாத்தியார். நாலு வயசு."