11-லிருந்து 16-க்கு: ஒரு டேட்டாபேஸ் நாட்குறிப்பு

மார்ச் 9, 2024, சனி

இன்று எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்ஸை 11-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாற்றினோம். 11-க்கான ஆதரவு போன நவம்பரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதனால் "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தொடணும்" என்ற பேச்சு இந்த முறை எடுபடவில்லை.

பதிப்பை மாற்றும் கருவியான பிஜி அப்கிரேடை லிங்க் முறையில் ஓட்டினோம். கோப்புகளை நகல் எடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடுவதால், டேட்டா எவ்வளவு இருந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் புது சர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால் பழையதை அப்படியே திரும்ப எழுப்ப முடியாது, பேக்கப்பில் இருந்துதான் வர வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் கையோடு புதுப்பித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. அந்தக் கோட்டைத் தாண்டும்போது எழுத்து ஃபீல்டுகளின் மேல் உள்ள இண்டெக்ஸ்களை (பதிவைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணைகளை) மறுபடி கட்டாவிட்டால், டேபிளில் இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லிவிடும். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

16-க்கு மாற்றும்போது பிஜி அப்கிரேட் டேட்டாவைக் கொண்டு வருகிறது, பிளானருக்கு, அதாவது குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதிக்கு, வேண்டிய புள்ளிவிவரங்களைக் கொண்டு வருவதில்லை. அவை இல்லாத பிளானரிடம் குவெரியைக் கொடுப்பது ஊர் தெரியாதவரிடம் வழி கேட்பது போலத்தான். ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடும். அதனால் வெளியே திறந்துவிடுவதற்கு முன்பே பராமரிப்புக் கருவியான வேக்யூம் டிபியை, புள்ளிவிவரத்தைப் படிப்படியாகச் சேகரிக்கும் அனலைஸ் இன் ஸ்டேஜஸ் என்ற தேர்வோடு ஓட்டினோம். புள்ளிவிவரம் எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்ற இலக்கு முதல் சுற்றில் 1, அடுத்து 10, கடைசியில் வழக்கமான 100. கரடுமுரடான புள்ளிவிவரம் உடனே கிடைத்துவிடும், நுணுக்கமானது பின்னால் வந்து சேரும். மூன்றும் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தோம்.

மார்ச் 11, திங்கள்

காலையிலேயே கண்காணிப்புத் திரை காலி. இது சின்ன விஷயம். குவெரிகளின் நேரத்தைப் பதியும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் டோட்டல் டைம் என்று இருந்த ஃபீல்டு 13-லிருந்து டோட்டல் எக்ஸெக் டைம் ஆகிவிட்டது. பெயரை மாற்றியதும் படம் வந்தது.

படம் வந்ததும்தான் உண்மை தெரிந்தது. பெரும்பாலான குவெரிகள் முன்பைவிட வேகமாகவோ அதே வேகத்திலோ ஓடுகின்றன. ஒரு சில மட்டும் படுத்துவிட்டன. அந்த ஒரு சிலதான் வாடிக்கையாளர் சேவைக்காரர்கள் நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் திரைகளில் இருக்கின்றன. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை மொத்த சிஸ்டமும் மெதுவாகிவிட்டது. அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை.

மதியத்துக்குள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஷேர்டு பஃபர்ஸை (பொது நினைவகத்தை) ஏற்று, ஒர்க் மெம்மை (வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளுக்கான நினைவக வரம்பை) ஒரு ஜிபி ஆக்கு, இன்னும் பெரிய மெஷின் வாங்கு. குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் பிளானை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இதில்தான் கோபம் வரும். நிதானமாகச் சொன்னேன்: வெள்ளிக்கிழமையே முக்கியமான குவெரிகளின் பழைய பிளான்களை 11-ல் எடுத்துக் கோப்பாக வைத்திருக்கிறேன், முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், அதுவரை எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் ஆள் பிடிபட்டது. மாதவாரியாகப் பிரித்த பெரிய டேபிளில் ஒரு வாடிக்கையாளரின் பரிவர்த்தனைகளைத் தேடும் குவெரி. பிளானையும் நேரத்தையும் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் முடிவைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும். பிளான் பழையதைப் போலவேதான் இருந்தது, அடியில் மட்டும் ஜிட் என்று ஒரு புதுப் பகுதி. குவெரியின் மொத்த நேரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போயிருந்தது.

ஜிட் என்பது குவெரிக்குள் இருக்கும் கணக்குகளை ஓடும் நேரத்திலேயே இயந்திர மொழியாக மாற்றிக்கொள்ளும் வசதி. 11-ல் வந்தது, ஆனால் அணைத்தே வந்தது. 12-லிருந்து தானாகவே இயங்கும். மதிப்பிட்ட செலவு 1,00,000-ஐத் தாண்டினால் ஜிட் தொடங்கும், 5,00,000-ஐத் தாண்டினால் இன்னும் கடினமான ஆப்டிமைசேஷனும் சேரும். நிறையப் பதிவுகளை மென்று தள்ளும் அறிக்கைகளுக்கு அருமையான வசதி. எங்கள் குவெரியிலோ பார்ட்டிஷன்கள் (மாதவாரித் துண்டுகள்) ஏராளம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன்களை உருவாக்கி, கடைசியில் எடுத்து வருவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பதிவுகள்.

சர்வர் முழுக்க அணைத்துவிடலாம் என்றார்கள். நான் அதைச் செய்யவில்லை, இரவு அறிக்கைகளுக்கு அது உதவுகிறது. திரைகளுக்கான ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்குக்கு) மட்டும் ஜிட்டை அணைத்தேன். ரோலில் செய்யும் மாற்றம் புதிய இணைப்புகளுக்குத்தான் பொருந்தும், பூலில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளைப் புதுப்பித்த பிறகுதான் பலன் தெரிந்தது.

மார்ச் 13, புதன்

இன்றைக்கு மாட்டியது உண்மையிலேயே சுவையான கேஸ்.

ஆர்டர் தேடும் திரை. குவெரி வித் என்று தொடங்கி, ஒரு தேதி இடைவெளிக்கான ஆர்டர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைத்து ஒரு பட்டியல் போடுகிறது. பிறகு வெளியே அந்தப் பட்டியலில் நகரத்தையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து வடிகட்டுகிறது. 11 வரைக்கும் வித் பகுதி ஒரு சுவர். உள்ளே இருப்பதை முழுதாகக் கணக்கிட்டு முடித்த பிறகுதான் வெளி நிபந்தனை வரும். 12-லிருந்து, அந்தப் பகுதியை ஒரே இடத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறோம், அது ரிகர்சிவ் (தன்னையே அழைப்பது) இல்லை, எதையும் மாற்றி எழுதவில்லை என்றால், பிளானர் அதை முதன்மைக் குவெரியோடு கரைத்துவிடும். வெளியே இருந்த நிபந்தனை உள்ளே இறங்கும். நூற்றில் தொண்ணூறு இடங்களில் இது நமக்கு லாபம்.

இங்கே மட்டும் ஏன் உதைத்தது? புது பிளானில் வாடிக்கையாளர் டேபிளுக்கான வரியைப் பார்த்தேன். மதிப்பீடு: 1 பதிவு. உண்மையில் வந்தது: ஆயிரக்கணக்கில். ஒரு பதிவுதான் வரப்போகிறது என்று நம்பினால் நெஸ்டட் லூப்தான் (ஒவ்வொரு பதிவுக்கும் மற்ற டேபிளில் போய்த் தேடும் முறை) சரியான தேர்வு, யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் வந்ததால், ஒவ்வொருவருக்கும் ஆர்டர் டேபிளின் இண்டெக்ஸில் இறங்கி ஏறி, டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தேடி எடுத்தது. பழைய பிளானில் அங்கே ஹாஷ் ஜாயின்: ஒரு பக்கத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பொருத்தும் முறை, ஒரே ஓட்டம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: "அண்ணா, உள்ளே ரோஸ் 3-னுதானே போட்டிருக்கு, அது எப்படி மெதுவாகும்?" நல்ல கேள்வி. ரோஸ் என்பது பதிவுகள், அந்த 3 ஒரு சுற்றுக்கான சராசரி, பக்கத்தில் இருக்கும் லூப்ஸ் எண்ணால் பெருக்கினால்தான் உண்மை வரும். பெருக்கிப் பார்த்தான், அப்புறம் அவனே அடுத்த குவெரியை எடுத்துக்கொண்டான்.

இன்றைக்கே திரை ஓட வேண்டும். எனவே வித் பகுதிக்கு மெட்டீரியலைஸ்டு என்ற சொல்லைச் சேர்த்துப் பழைய சுவரை எழுப்பினோம். திரை பழைய வேகத்துக்கு வந்தது. ஆனால் மதிப்பீடு இன்னும் 1-தான். அது என்னை உறுத்துகிறது.

மார்ச் 14, வியாழன்

நகரமும் அஞ்சல் குறியீடும் ஒன்றையொன்று சார்ந்தவை. குறியீடு தெரிந்தால் நகரம் தெரிந்துவிடும். பிளானருக்கு அது தெரியாது, இரண்டும் தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. நூற்றில் ஒரு பங்கு இந்த நகரம், நூற்றில் ஒரு பங்கு இந்தக் குறியீடு என்றால், இரண்டும் சேர்ந்து பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போடும். உண்மை நூற்றில் ஒன்று. மூன்று நான்கு நிபந்தனை சேர்ந்தால் மதிப்பீடு சரிந்துகொண்டே போய் 1-ல் வந்து நிற்கும்.

இப்படிச் சார்ந்த ஃபீல்டுகளைப் பிளானருக்குச் சொல்லத்தான் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை 10-லிருந்து இருக்கிறது. இரண்டு ஃபீல்டுகளுக்கும் டிபெண்டென்சிஸ் (சார்பு) வகையில் ஒன்று உருவாக்கி, புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டினேன். அனலைஸ் ஓட்டாமல் அது வெறும் அறிவிப்புதான். மதிப்பீடு உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. மெட்டீரியலைஸ்டை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம்: ஹாஷ் ஜாயின், அதுவும் வடிகட்டி உள்ளே இறங்கிய பிறகு. 11-ல் இருந்ததைவிடவே வேகம்.

பதிப்பை மாற்றியது பிழையை உண்டாக்கவில்லை. தப்பான மதிப்பீடு 11-லும் இருந்தது, சுவர் அதை மறைத்து வைத்திருந்தது.

மார்ச் 18, திங்கள்

இரவு வேலை ஒன்று நீள்கிறது. பெரிய குரூப் பை, அதாவது பதிவுகளைக் குழுவாக்கிக் கணக்கிடும் குவெரி. பிளானில் அந்தக் குழுவாக்கலைச் செய்யும் ஹாஷ் அக்ரிகேட்டுக்குக் கீழே பேட்ச்களும் டிஸ்க் பயன்பாடும் தெரிகின்றன. 12 வரை இந்த ஹாஷ், மதிப்பீடு தவறினால் ஒர்க் மெம் வரம்பை மீறி நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். 13-லிருந்து வரம்பை மதித்து டிஸ்க்கில் கொட்டுகிறது. பாதுகாப்பான நடத்தை. நினைவகம் தீர்ந்து சர்வரே விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு ஜிபி யோசனை மறுபடி தலைதூக்கியது. ஒர்க் மெம் இணைப்புக்கு ஒன்று அல்ல. ஒரே குவெரிக்குள் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி, பேரலல் ஒர்க்கர்கள் (வேலையைப் பகிர்ந்து செய்யும் துணை ப்ராசஸ்கள்) வந்தால் அவர்களுக்கும் தனி. ஹாஷ் என்றால் 15-லிருந்து இரண்டு மடங்கு வரை போகலாம். நூற்றுக்கணக்கான இணைப்புகளோடு பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். அந்த ஒரு வேலையின் டிரான்சாக்‌ஷனுக்குள் மட்டும் செட் லோக்கல் போட்டு உயர்த்தினோம். சரியாகிவிட்டது.

மார்ச் 23, சனி

ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி, அதாவது வேலையை நிறுத்தாமலே இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவது, பெரிய டேபிள்களுக்கு ஒவ்வொன்றாக. 13-ல் பி-ட்ரீ (வழக்கமான வகை) இண்டெக்ஸ்கள் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சுருக்கி வைக்கக் கற்றுக்கொண்டன. பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்த இண்டெக்ஸ்களுக்கு அது கிடைக்காது, மறுபடி கட்ட வேண்டும். ஆர்டர் நிலை, நகரம் போன்றவற்றின் இண்டெக்ஸ்கள் நன்றாகவே இளைத்தன. ஒரே மதிப்பு திரும்ப வராத யுனிக் இண்டெக்ஸ்களில் பெரிய வித்தியாசம் இல்லை, எதிர்பார்த்ததுதான்.

16-ல் எடுத்த புதிய பிளான்களையும் கோட் இருக்கும் அதே ரெபோவில் சேர்த்தாயிற்று. தம்பி திங்கள் முதல் மற்ற டேபிள்களில் ஒன்றையொன்று சார்ந்த ஃபீல்டுகளைத் தேடப் போகிறான். சரக்கு இருப்புத் திரை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, அதன் மதிப்பீடும் 1 என்றுதான் நிற்கிறது. அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.