ஃபெடரல் தண்டனையை எதிர்த்து அப்பீல்: டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வரும்வரை நிம்மதி இல்லை

அமெரிக்காவின் டெக்சாஸில் ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் என் அக்கா மகனுக்குக் கொடுத்த 117 மாதத் தண்டனை போன மாதம் 96 ஆகக் குறைந்தது. பெரிய நிம்மதி. ஆனால் இடையில் பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. இதே நிலையில் தவிக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போதைப்பொருளை விற்பதற்காக வைத்திருந்தது ஒரு குற்றம், அந்த வியாபாரத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தது இன்னொன்று. இரண்டையும் ஒப்புக்கொண்டான். துப்பாக்கிக்கு ஃபெடரல் குற்றச் சட்டத்தின் 924(சி) பிரிவின்படி குறைந்தது 5 வருடம். அது மற்ற தண்டனையோடு சேர்ந்து ஓடாது, அதன் மேல் தனியாகக் கூடும். போதைப்பொருளுக்குக் கைடுலைன்ஸ் (ஜட்ஜுக்குத் தண்டனை அளவைப் பரிந்துரைக்கும் வழிகாட்டி) கணக்கு 46 முதல் 57 மாதம் வரை வந்தது. ஜட்ஜ் உச்சமான 57-ஐக் கொடுத்தார்.

அப்பீல் நோட்டீஸ் போட 14 நாள்தான் அவகாசம். தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து கணக்கு. எங்கள் வக்கீலோ, "ரேஞ்சுக்குள் இருக்கிற தண்டனை, அப்பீல் வீண்" என்று சொன்னதோடு சரி. அப்புறம் போனையே எடுக்கவில்லை. பையன் போடச் சொன்ன பிறகும் போடவில்லை. கட்சிக்காரர் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் போட்டே ஆக வேண்டும். அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவருக்கும் இது பொருந்தும் என்று 2019-ல் கார்சா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

நானும் அக்காவும் கோர்ட் அலுவலகத்துக்கே போனோம். கவுன்டரில் இருந்தவர் எங்கள் கடிதத்தைத் திருப்பித் தள்ளினார். "குடும்பத்தார் தாக்கல் செய்ய முடியாது, சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை." அவ்வளவுதான். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். தண்டனை விதித்த பிறகு குற்றவாளியே கேட்டுக்கொண்டால், கோர்ட் கிளார்க்கே அவர் சார்பில் நோட்டீஸைத் தயாரித்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஃபெடரல் குற்ற வழக்கு நடைமுறை விதிகளில் விதி 32 சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கலாம். கடைசியில் பையன் சிறையிலிருந்து கையாலேயே எழுதி அனுப்பினான். கெடு முடிவதற்குள் சிறைத் தபாலில் கொடுத்தாலே போதும், கோர்ட்டுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் செல்லும். என்றைக்குக் கொடுத்தோம், தபால் செலவு கட்டியாயிற்று என்று உறுதிமொழி எழுதி வைக்க மறக்க வேண்டாம்.

கட்டணம் 605 டாலர். வசதி இல்லை என்று மனுப் போட்டதும் தள்ளுபடியானது. புதிய வக்கீலையும் கோர்ட்டே நியமித்தது.

பிரச்சினை அடுத்த கட்டத்தில் வந்தது. தண்டனை விசாரணையின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது அங்கே பேசியது முழுவதையும் எழுதிய பதிவை, யாருமே ஆர்டர் செய்யவில்லை. பழைய வக்கீல் புதியவர் செய்வார் என்றிருந்தார். புதியவர் நியமனம் ஆவதற்குள் கெடு போய்விட்டது. டிரான்ஸ்கிரிப்ட் ஆர்டர் செய்யாவிட்டால் அப்பீல் தள்ளுபடியாகும் என்று மேல்கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தபோது வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. புதிய வக்கீல் அவகாசம் வாங்கி, ஸ்டெனோகிராபரை விடாமல் துரத்தி வாங்கினார். நோட்டீஸ் போட்ட அன்றைக்கே "டிரான்ஸ்கிரிப்ட் யார் ஆர்டர் செய்கிறார்கள்?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

உயிர் இருந்ததே அந்தக் காகிதத்தில்தான். துப்பாக்கிக்கான 5 வருடத்தைக் கணக்கில் எடுத்துப் போதைப்பொருள் தண்டனையைக் குறைக்கும்படி எங்கள் பழைய வக்கீல் கேட்டிருந்தார். அந்த ஒரு நல்ல காரியத்துக்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஜட்ஜ், சட்டம் தன்னை அப்படிப் பார்க்க விடவில்லை என்று பதில் சொல்லியிருந்தார். ஆனால் பார்க்கலாம் என்று 2017-லேயே டீன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நாங்கள் ஊரெல்லாம் கேட்டு வாங்கிய நற்சான்றுக் கடிதங்களை வக்கீல் தொடவே இல்லை. மேல்கோர்ட் கீழ்கோர்ட்டின் பதிவை மட்டும்தான் பார்க்கும், புதிதாக எதையும் வாங்காது. "வயது சின்னது, முதல் குற்றம், தண்டனை அதிகம்" என்பதையும் வாதமாக வைத்தார், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்றார். கைடுலைன்ஸுக்குள் இருக்கும் தண்டனையை நியாயமானது என்றே எடுத்துக்கொள்ள 2007-ல் ரீட்டா வழக்கு இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் மேல்கோர்ட் அந்த வழியில்தான் போகிறது. முதலில் தண்டனை விதித்த முறையில் பிழை உண்டா என்று பார்ப்பார்கள், அளவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். எங்கள் விஷயத்தில், சட்டம் விடவில்லை என்று ஜட்ஜ் தவறாக நினைத்ததே முறைப் பிழை என்பதால், முதல் படியிலேயே வேலை முடிந்தது. வாய்மொழி வாதம்கூட இல்லை. தண்டனையை ரத்து செய்து, புதிதாக விதிக்கச் சொல்லி அதே ஜட்ஜிடம் அனுப்பினார்கள்.

அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறு தண்டனை விசாரணையில் அவை செல்லும். உள்ளே போன பிறகு திருந்தி நடந்ததையும் ஜட்ஜ் பார்க்கலாம் என்று 2011-ன் பெப்பர் வழக்கு சொல்கிறது. பையன் சிறையில் முடித்த வகுப்புகளின் சான்றிதழ்களையும் சேர்த்துக் கொடுத்தோம். ஜட்ஜ் பொறுமையாகப் படித்தார். 57 மாதம் 36 ஆனது. துப்பாக்கிக்கான 60 மாதத்தை யாராலும் தொட முடியாது.

புதிய தீர்ப்புக்கும் அதே 14 நாள் கெடு உண்டு. இந்த முறை வக்கீலே நேரில் போய்க் கேட்டார். வேண்டாம் என்று பையன் எழுதிக் கொடுத்துவிட்டான்.