மே லா முகாமிலிருந்து ஒரு படம்

மியான்மர் என்றதும் நமக்கு ரோஹிங்கியா மக்கள் நினைவுக்கு வருவார்கள். 1949-இலிருந்து போருக்குள் வாழும், அந்நாட்டின் இன்னொரு சிறுபான்மை இனமான கரேன் மக்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ராணுவம் ஊர்களை எரிக்க எரிக்க, எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு ஓடினார்கள். அங்கே 1984-இல் தொடங்கிய மே லா அகதி முகாமிலேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. வெளியே போய் வேலை பார்க்கப் பல பத்தாண்டுகள் அனுமதி கிடையாது.

'மூவிங் டு மார்ஸ்' (2009) என்ற ஆவணப்படம் அங்கிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் குடியேறும் 2 கரேன் குடும்பங்களைப் பின்தொடர்கிறது. வெறும் அழுகையைக் காட்டும் படங்கள் எனக்கு ஒத்துவராது. இது அப்படியில்லை, விமானம் ஏறியதோடு கதை முடியவில்லை, மொழி, வேலை, குளிர் என்று அப்புறம்தான் பாடே ஆரம்பிக்கிறது. கிடைத்தால் பாருங்கள்.