மோட்டார் பைப்புக்கு ஒரு மஞ்சள் கயிறு

எங்கள் வீட்டு போர்வெல் மோட்டாரின் பைப்பில் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறது. இப்போது மஞ்சளும் இல்லை, கயிறு என்றும் சொல்ல முடியாது, துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 2017 ஆடி 18 அன்று அம்மா கட்டியது. அந்த வருஷம் காவிரியில் மணல்தான் ஓடியது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆடிப்பெருக்கன்று ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது எப்படி என்றால், கல்யாண வீட்டுக்குப் போனபிறகு மாப்பிள்ளை வரவில்லை என்று சொன்ன மாதிரி. சில படித்துறைகளில் குழாய் போட்டு ஷவர் வைத்தார்கள், போய் நனைந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "ஷவர்ல குளிக்கிறதுக்கு நான் ஏன் பஸ் ஏறணும், நம்ம வீட்லயே இருக்கே" என்றவள், பின்பக்கம் போய் மோட்டார் பக்கத்தில் கோலம் போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காப்பரிசி படைத்து, பைப்பில் கயிற்றைக் கட்டி, மோட்டாரைப் போடச் சொன்னாள். தண்ணீர் வந்தது. விழுந்து கும்பிட்டாள். என் பையனுக்கு அப்போது ஐந்து வயது, அவனும் விழுந்து கும்பிட்டான்.

அன்றைக்கு நான் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பெருகி வருகிற தண்ணீருக்குத்தானே பூஜை, எங்கிருந்து வந்தால் என்ன.

அம்மா பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கேதான் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆடி 18 என்றால் சாமி கும்பிடுவதைவிட சப்பரம் இழுப்பதுதான் பெரிசாம். ஊர் ஆசாரி மிச்சம் மீதி மரத்துண்டுகளில் சின்னச் சின்னதாக சக்கரம் வைத்துச் செய்து கொடுப்பார், கலர் காகிதம் ஒட்டி, உள்ளே சாமி படம் வைத்து, பிள்ளைகள் எல்லாம் கயிறு கட்டி ஆற்றங்கரை வரைக்கும் இழுத்துப் போவார்கள். ஒரு சக்கரம் கோணலாக இருந்தால் வழி முழுக்க கடகடவென்று ஒரு பக்கமாகவே போகும், போகிற வழியில் சண்டை, அழுகை எல்லாம் உண்டு. தேங்காய் சாதம், புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாவற்றையும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு பெரியவர்கள் பின்னால் வருவார்கள். இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் சில ஊர்களில் சப்பரம் இழுக்கிறார்கள். எங்கள் தெருவில் கேட்டால் சப்பரம் என்றால் என்ன என்பார்கள்.

இந்த வருஷம், 2025-இல், ஆடி 18 ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், ஜூன் கடைசியில் அணையும் நிரம்பிவிட்டது. அதனால் அம்மா ஒரு மாதமாகவே ஏற்பாட்டில் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ‘அம்மா மண்டபம்’ படித்துறைக்குப் போனால் கால் வைக்க இடம் இருக்காது என்று தெரிந்து, திருவானைக்காவலைத் தாண்டி ஒரு சின்னப் படித்துறைக்குப் போனோம். பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த வருஷமும் எங்களுக்கு இடம் வேண்டும்.

அங்கேயும் கூட்டம்தான். ஒவ்வொரு குடும்பமும் படியில் ஓர் அடி இடம் பிடித்து, வாழை இலை விரித்து, விளாம்பழம், நாவல்பழம், பேரிக்காய், காதோலை கருகமணி, வெற்றிலை, காப்பரிசி என்று பரப்பிக்கொண்டு, பக்கத்து இலையின் மேல் தன் கால் படாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காப்பரிசி தெரியாதவர்களுக்கு: பச்சரிசியை ஊறவைத்து, வெல்லம், எள், பொட்டுக்கடலை, தேங்காய்ச்சில் எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. வேகவைக்கவே மாட்டார்கள். சாமிக்குப் படைத்த பிறகு ஒரு பிடி தின்றால் போதும், இரண்டு பிடி தின்றால் சாயங்காலம் தெரியும்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பெண். வைகாசியில் கல்யாணமாம். மாமியார் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து கல்யாண மாலையை எடுத்தார். இரண்டு மாதம் பீரோ மேல் காய்ந்த மாலை, எடுத்த எடுப்பிலேயே பூவெல்லாம் பொடிப்பொடியாக அந்தப் பெண்ணின் மடியில் கொட்டியது. கையில் மிஞ்சியது நாரும் ஜிகினாவும்தான். அதையும் பயபக்தியோடு இரண்டு கையிலும் ஏந்திப்போய் ஆற்றில் விட்டாள். அது போகவில்லை. படி ஓரத்துச் சுழலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் காலடிக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது. கடைசியில் ஒரு பையன் குச்சியால் நடு ஓட்டத்துக்குத் தள்ளிவிட்டான். அந்தப் பெண் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. (அந்த ஜிகினா எல்லாம் கீழே எந்த மதகில் போய்ச் சிக்குமோ. பூவை மட்டும் ஆற்றில் விட்டுவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போடலாமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அந்த மாமியாரிடம் போய்ச் சொல்ல நான் யார்.)

அம்மா எனக்குக் கழுத்தில் கயிறு கட்டினாள், பையனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கையில். தண்ணீரில் மூன்று படிதான் இறங்க விட்டார்கள், அதற்கு மேல் கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அம்மா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "மேட்டூர்ல எத்தனை அடி தம்பி?"

இது டெல்டாக்காரர்களின் வியாதி. மற்ற ஊரில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி இங்கே மேட்டூர் மட்டம் கேட்பார்கள். 120 அடி என்றால் நிறைவு, 93.47 டிஎம்சி. நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அம்மா காலையில் பேப்பரில் முதலில் அதைத்தான் பார்க்கிறாள்.

அவள் கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. ஆடி 18 என்பது காலண்டரில் இருக்கிற தேதி, மாறாது. முன்காலத்தில் அந்தத் தேதிக்கு அர்த்தம் இருந்தது. குடகில் தென்மேற்குப் பருவமழை ஆனியில் பிடித்து ஆடியில் கொட்டும், அந்த வெள்ளம் தடையில்லாமல் இங்கே வந்து சேரும், புதுத் தண்ணீரைப் பார்த்துத்தான் விதை விடுவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. 1931-இல் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர் அணை, 1934-இல் மேட்டூர். அதற்கப்புறம் வெள்ளம் மழையோடு மட்டும் வருவதில்லை, மதகு திறந்தால்தான் வரும். குறுவை நெல்லுக்கு ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்று ஆனபிறகு, தண்ணீர் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அல்லது வருவதே இல்லை. 2017-இல் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். போன வருஷம் ஜூன் போய், ஜூலை முக்காலும் போய், ஆடி 18-க்கு ஆறு நாள் முன்னால் திறந்தார்கள், இரண்டே நாளில் அணை நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீரில் கொள்ளிடத்தில் ஒரு மின்கோபுரமே விழுந்தது. ஆடிப்பெருக்குக்காகவே கொஞ்சம் தண்ணீர் திறந்துவிட்ட வருஷங்களும் இருக்கின்றன. ஆறு வருகிற நாளைக் கொண்டாடிய காலம் போய், கொண்டாடுகிற நாளுக்கு ஆற்றை வரவழைக்கிறோம்.

ஆடி 18 அன்று கல்லணைக்குப் போகிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும். பையன் எட்டாவது படிக்கிறான். போகும்போதே ஆரம்பித்துவிட்டான்: "கல்லணைக்கு ரெண்டாயிரம் வருஷம்னு எப்படிம்மா தெரியும்? யாரு பார்த்தா?"

நல்ல கேள்வி. கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்று அவனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய செப்பேடுகள் சொல்கின்றன. கல்லணையை இன்ன வருஷத்தில் நான் கட்டினேன் என்று அவன் வெட்டி வைத்த கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஊர் சொல்கிறது, நாமும் சொல்கிறோம் என்றேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் கட்டாம வேற யாரு கட்டுனா, உங்கப்பனா?" என்றாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாம் நடந்து போகிற பாலமும் அந்த வளைவுகளும் மதகுகளும் பின்னால் வந்தவை. பழைய அணை அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பையனுக்கு அதில் பெரிய ஏமாற்றம். யானை மேல் கரிகாலன் சிலையைப் பார்த்துக் கொஞ்சம் சமாதானமானான். கரையில் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். இதோ பார், முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். தீவு முடிகிற இடத்தில் இரண்டும் திரும்ப நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. அப்படியே விட்டால் என்ன ஆகும்? காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து நேராகக் கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூருக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. அந்த வாயை அடைக்கப் போட்டதுதான் கல்லணை. மேட்டூர் மாதிரி தண்ணீரைத் தேக்குகிற அணையே இல்லை இது. இந்தப் பக்கம் போ என்று கையைக் காட்டி அனுப்புகிற அணை. இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, 1934-இல் வெட்டி முடித்த புது ஆறு மூன்றும் பாசனத்துக்கு, மிஞ்சினது கொள்ளிடத்துக்கு.

மணல்மேல் எப்படிக் கல் நிற்கும் என்றான். நிற்காது, அமிழும். அமிழ அமிழ மேலே கல்லைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அமிழாமல் நின்றுவிடும். இடையில் களிமண்ணைப் பூசியிருக்கிறார்கள். 1830-களில் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துத்தான் ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுவதைக் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். முக்கொம்பில் மேலணை கட்டியவர் அவர், அப்புறம் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்திலும் கட்டினார். அந்த மேலணையின் கொள்ளிடம் பக்கத்தில்தான் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மறுநாள் பாதித் திருச்சி அதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. நாங்களும்தான்.

இவ்வளவையும் சொல்லி நிமிர்ந்தால் பையன் மீன் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லணைக்குப் போய் வறுத்த மீன் தின்னாமல் வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் பூசிய ஜிலேபிக் கெண்டை எண்ணெயில் விழுந்து கரகரவென்று சுருண்டது, மேலே எலுமிச்சம்பழம், வெங்காயம், ஒரு காகிதத் தட்டு. அம்மா முதலில் வேண்டாம் என்றாள், ஆடி மாதம் என்றாள், வெள்ளிக்கிழமை மட்டும்தானே என்று நான் சொன்னதும் யோசித்துவிட்டு ஒரு துண்டு போதும் என்றாள்.

கடைக்காரம்மா கரண்டியால் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா கிட்டே போய் நின்று, "மேட்டூர்ல இப்ப எத்தனை அடின்னு எதுவும் தெரியுமா?" என்றாள்.

"நெறைஞ்சுதான்மா கெடக்கு" என்றார் அவர், சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு வால் பக்கமா, நடுத்துண்டா?"

"நடுத்துண்டு" என்றாள் அம்மா. "ரெண்டாவே குடுங்க."