பின் டயர், மறுபடியும்

காலைல 4 மணிக்கு தண்டையார்பேட்டையில சைக்கிள எடுத்துக்கிட்டுக் கிளம்பினா எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிதான் துணை. அது கிளப்புற புழுதியில வாயத் திறந்து மூச்சு வாங்க முடியாது. வெயில் ஏறி திரும்பும்போது தெக்கத்திக் காத்து நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும்.

அடுத்த மாசம் 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 13½ மணி நேரத்துல முடிக்கணும். நான் ஓட்டுற கிலோமீட்டருக்கு 10 ரூபான்னு ஃப்ரெண்ட்ஸ் எழுதித் தர்றாங்க, எங்க தெரு டியூஷன் பசங்களோட நோட்டுப் புஸ்தகத்துக்கு.

"உங்க தாத்தா காசிமேட்டுலேர்ந்து பெரம்பூருக்கு மீன் கூடை கட்டிக்கினு தினம் மிதிச்சாரு. அவருக்கு எவன்டா துட்டு குடுத்தான்?"னு அம்மா கேட்டுச்சு. கேட்டுட்டு 500 ரூபா நீட்டுச்சு.

இன்னிக்கும் பின் டயர் பஞ்சர். அந்த ரோட்டுல ஆணி விளையுது போல. நல்ல டயர் எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.