வெள்ளை அட்டையைச் சுட்ட மூன்று மாதம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு மகளை ரைஃபிள் கிளப்பில் சேர்த்தேன். இரண்டே வாரத்தில் அவள் நின்றுவிட்டாள். கட்டிய ஃபீஸ் வீணாகக் கூடாதே என்று நான் போனேன். அப்போது வயது 43.

முதல் நாளே மானம் போனது. பிஸ்டலைக் கையில் பிடித்தபடியே, ஏதோ சந்தேகம் கேட்க கோச் பக்கம் திரும்பிவிட்டேன். வரிசையில் பேச்சு நின்றது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி இலக்குப் பக்கம் திருப்பினார். "அக்கா, முதல்ல மேசையில வைங்க. அப்புறம் கேளுங்க." உள்ளே குண்டு இல்லையே என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க." என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்தான், ஆனாலும் நான் பதில் பேசவில்லை. உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலில் நுழைத்து, முனை இலக்கைப் பார்க்க வைத்த பிறகுதான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.

இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மி.மீ., கிட்டத்தட்ட சட்டைப் பொத்தான். என் குண்டுகளோ ஒன்று விடாமல் இடப்பக்கம் கீழே போய் விழுந்தன. குறி பார்க்கும் சைட்டில்தான் கோளாறு, திருகிச் சரிசெய்யுங்கள் என்றேன். கோச் அதே பிஸ்டலில் ஐந்து சுட்டார். ஐந்தும் நடுவில்.

பிறகு அவரே குண்டு போட்டுப் போட்டுத் தந்தார். நான்காவது முறை குண்டு போடாமலே தந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. 'புஸ்' என்று காற்று மட்டும் போனது. ஆனால் அந்த நொடியில் குழல் முனை இடப்பக்கம் கீழே குத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். குறி சரியாக அமைந்ததும் 'இப்போ, இப்போ' என்று மனசு அவசரப்படுகிறது. விரலோடு சேர்ந்து மொத்தக் கையும் இறுகிவிடுகிறது. வலக்கைக்காரர்களுக்கு இது சகஜமாம்.

அன்றைக்கு அட்டையைத் திருப்பி மாட்டினார். வெறும் வெள்ளை. குறி வைக்க எதுவும் இல்லாதபோது செய்வதற்கு இரண்டே வேலைதான்: முன் சைட்டைப் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நிறுத்துவது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவால் ட்ரிகரை நேராகப் பின்னால் அழுத்துவது. பாதி நாள் ட்ரை ஃபயர்தான், அதாவது குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. 'டிக்' சத்தம் வரும்போது சைட் அசையக் கூடாது. எரிச்சலாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ஓடியது.

நடுவில் கண் பிரச்சினை வேறு. முன் சைட் கூர்மையாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டுமே மங்கல். படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது, அது புத்தகத்தின் தூரத்துக்கானது. கையை நீட்டி, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து அளந்தேன். 90 செ.மீ. அந்த அளவைச் சொல்லித் தனிக் கண்ணாடி போட்டேன். நாற்பதைத் தாண்டியவர்கள் வேறு எதற்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துச் சுவரைப் பார்த்து நிற்பேன். "செவுத்துல என்னடி எழுதியிருக்கு?" என்பார் மாமியார். கைக்கு வலு வந்தது. ஆனால் வலுவை நம்பிப் பிடித்துக்கொண்டே நின்றால் பத்து நொடிக்கு மேல் கை ஆட ஆரம்பித்துவிடும். சுடாமல் இறக்கிவிட வேண்டும். எனக்கு இதுதான் எளிதில் வராத பாடம். இவ்வளவு நேரம் பிடித்தோமே, சுட்டுவிடுவோம் என்றே தோன்றும்.

போன மாதம் கிளப்புக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். 75 நிமிடத்தில் 60 குண்டு. நாற்பத்தோராவதுக்கு மூன்று தடவை கையை இறக்கினேன். பின்னால் நின்ற கோச் சிரித்தது கேட்டது. நான்காவது தடவை சுட்டேன். எட்டு விழுந்தது.